எனக்கு முந்திக்கொண்ட செல்லக்கனி அண்ணாச்சி

பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அச்சகத்தில் கம்பி மத்தாப்பு லேபிளுக்குச் சிவப்பு மை ஏறிக்கொண்டிருந்தது. முதல் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் புதுமேட்டில் சைக்கிள் கடை வைத்திருக்கும் முத்துராஜ் வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை.

"மேனேசரய்யா, அண்ணாச்சி போயிட்டாக."

எந்த அண்ணாச்சி என்று நான் கேட்கவில்லை. புதுமேட்டில் கடைக்கு ஓர் அண்ணாச்சி உண்டு. பேர் சொல்லாமல் அண்ணாச்சி என்றால் அது செல்லக்கனி ஒருவர்தான். சரக்கு விஷயமாக விருதுநகர் போனவர், பஸ் நிலையத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். எழுந்திருக்கவில்லை. பஸ்ஸுக்கு நின்ற யாரோ ஒருவர், முன்பின் தெரியாதவர், அவர் தலையைத் தன் மடியில் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

மெஷினை நிறுத்தச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஆட்களே நிறுத்திவிட்டார்கள். நான் மேனேஜராக இருக்கும் அச்சகத்தில் என் சொல்லுக்குக் காத்திராமல் மெஷின் நின்றது அன்றைக்கு மட்டும்தான். அந்தத் துக்கத்திலும் அது எனக்கு உறைத்தது.

இந்த ஆண்டு எங்கள் புதுமேட்டு விழா மலரில் அவரைப் பற்றி எழுதும்படி கமிட்டியில் என்னைக் கேட்டார்கள். "நீங்கதான அவுகளுக்கு ரொம்ப நெருக்கம்" என்றார்கள். நெருக்கம்தான். ஒரே பந்தயத்தில் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகிறவர்களுக்குள் இருக்கிற நெருக்கம். அவர் மேல் பிரியம் வைத்தவர்கள் புதுமேட்டில் வீட்டுக்கு நாலு பேர் இருப்பார்கள். பொறாமை வைத்தவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான். பிரியம் வைத்தவர்கள் பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டிருப்பார்கள். பொறாமைக்காரன் கண்ணை மூடவே மாட்டான். ஆகவே அவரைப் பற்றி எழுத எனக்குத் தகுதி உண்டு என்றுதான் நினைக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவரைவிட நான் மூன்று வயது மூத்தவன். அப்படியிருந்தும் நானும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டேன். எப்போது தொடங்கியது, எப்படித் தொடங்கியது என்று எனக்கே தெரியாது. என் மனைவி செண்பகமும் அண்ணாச்சி என்றாள், என் பிள்ளைகளும் அண்ணாச்சி என்றார்கள். என்னை எல்லோரும் மேனேஜர் என்றார்கள். ஒன்று உறவு, மற்றது உத்தியோகம். வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் நாங்கள் நாரணாபுரம் சாலையோரம் மனை வாங்கி வந்தபோது புதுமேடு என்ற பெயரே கிடையாது. உடைமுள் காட்டை வெட்டிப் போட்டுவிட்டு வீடு கட்டினோம். சிவகாசிப் பழைய ஊர்க்காரர்கள் எங்களை 'உடங்காட்டுக்காரங்க' என்றார்கள். பெண் கேட்டுப் போனால், "உடங்காட்டுலயா வீடு?" என்று இழுத்தார்கள். தபால்காரர் எங்கள் கடிதங்களை நாங்கள் வேலை பார்க்கும் கம்பெனிகளில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். வெம்பக்கோட்டைப் பக்கத்து விவசாயச் சம்சாரி வீடுகளிலிருந்து வந்த என்னைப் போன்றவர்கள், பட்டாசுக் கம்பெனி நடத்துகிறவர்கள், அச்சகக் கணக்கர்கள், கடைக்காரர்கள் என்று பல ஊர், பல சாதி. ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு அடுத்தவர் போவதில்லை.

இந்த இடத்துக்கு வருஷம் ஒரு விழா எடுத்தால் நாமும் ஓர் ஊர் ஆவோம் என்ற யோசனை என்னுடையது. இதை அடித்துச் சொல்கிறேன், ஏனென்றால் இனிமேல் என்னை விட்டால் இதைச் சொல்ல ஆளில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பாதி கட்டிய என் வீட்டில் எல்லோரையும் கூட்டி வைத்து நான்தான் பேச்செடுத்தேன். அரைமணி நேரம் பேசினேன். எல்லோருக்கும் பிடித்திருந்தது. அப்புறம் யாரோ, "விழான்னா எந்தச் சாமிக்கு?" என்று கேட்டார்கள்.

அவ்வளவுதான். ஒருவர் தங்கள் காளியம்மன் என்றார், ஒருவர் அய்யனார் என்றார், ஒருவர் முருகன் என்றால் யாருக்கும் வருத்தமிராது என்றார். அதற்கே இரண்டு பேர் வருத்தப்பட்டார்கள். குரல்கள் ஏறின. ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். அதுவரை மூலையில் செங்கல் மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த செல்லக்கனி அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"எல்லாரும் ஒக்காருங்க. அவுகவுக சாமி அவுகவுக ஊர்ல நல்லாத்தான இருக்கு? அத எதுக்கு இந்த வெயில்ல இங்கன கூட்டியாரணும்? இந்த மேடு பொறந்து ரெண்டு வருசம் ஆகுது. அதுக்குப் பொறந்தநாள் கொண்டாடுவோம். பிள்ளை பொறந்த வீட்டுல சாமி யாருன்னா கேப்பாக?"

எழுந்தவர் உட்கார்ந்துவிட்டார். பேச்சு அந்த நிமிஷமே பந்தலுக்கும் சாப்பாட்டுக்கும் போய்விட்டது. மறுநாள் காலையில் பால்காரரிடம் யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள்: "அண்ணாச்சி நம்ம மேட்டுக்கு விழா எடுக்கப் போறாக." கோலம் போட வந்த செண்பகம் அதைக் கேட்டுவிட்டு என்னிடம் வந்து சொன்னாள். அவளுக்குச் சந்தோஷம்.

இப்படியாக வைகாசியில் எங்கள் விழா தொடங்கியது. முதல் வருஷம் சாக்கு ஓட்டமும் சர்க்கரைப் பொங்கலுமாகச் சின்னதாக முடிந்தது. இரண்டாம் வருஷம் நான் பெரிய திட்டம் போட்டேன். பட்டாசு பிறக்கிற மண்ணில் இருந்துகொண்டு வாணவேடிக்கை இல்லாமல் விழாவா? புதுமேட்டு வானத்தைப் பார்த்துப் பழைய ஊர் வாயைப் பிளக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. கம்பெனிக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் சரக்குத் தர ஒப்புக்கொண்டார்கள். எம். புதுப்பட்டிப் பக்கம் கம்பெனி வைத்திருந்த செல்லக்கனிதான் அதிகம் தருவார் என்று நம்பினேன். அவர் முடியாதென்று தலையை ஆட்டிவிட்டார்.

"வேண்டாம் மேனேசரே. சனம் ஆறு நாளும் வெடிமருந்துக்குப் பக்கத்துல மூச்சப் பிடிச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கு. எங்கயாவது சத்தம் கேட்டா, 'நம்ம கம்பெனியா, நம்ம ஆளா'ன்னு ஓடுது. ஒரு நாளாவது சத்தம் கேக்காம இருக்கட்டுமே."

நான் விடவில்லை. பட்டாசுக்காரன் விழாவில் பட்டாசு இல்லையென்றால் ஊர் சிரிக்கும் என்றேன். "சிரிக்கட்டும். சிரிப்புச் சத்தம் நல்ல சத்தம்தான?" என்றார். அங்கிருந்த பெண்களின் முகத்தை அப்போது பார்த்தேன். வாணவேடிக்கையை அத்தோடு விட்டுவிட்டேன். ஊர் சிரிக்கத்தான் செய்தது. ஆனால் அடுத்தடுத்த வருஷங்களில், வெடிச் சத்தமில்லாமல் விழா எடுக்கிற பட்டாசுக்காரர்களைப் பார்க்க விருதுநகரிலிருந்தும் சாத்தூரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள், "யாரு இங்க செல்லக்கனி?" என்று கேட்டார்கள். பல தடவை அவர்களுக்குக் கையை நீட்டி அவரைக் காட்டியவன் நான்தான்.

விழா வளர்ந்தது, வீடுகளும் பெருகின. கமிட்டிக்கு முறையாக ஒரு தலைவர் வேண்டும் என்று முடிவானது. அதுவரை பந்தல்காரரிடம் பேசுவது, அனுமதி வாங்குவது, நோட்டீஸ் அடிப்பது, சமையல்காரரோடு மல்லுக்கட்டுவது எல்லாம் நான். செல்லக்கனி விழாவன்று வெள்ளை வேட்டியில் வந்து நின்று, வந்தவர்களை "வாங்க, சாப்பிட்டீகளா?" என்று கேட்பார். ஆகவே தலைவர் பதவிக்கு நான் நின்றேன். வேறு யாரும் நிற்கவில்லை. பள்ளிக்கூடக் கொட்டகையில் கூட்டம். கை தூக்கச் சொல்லப் போகிற நேரத்தில் பின்னாலிருந்து ஒரு குரல்: "அண்ணாச்சி பேரையும் சொல்லுங்கப்பா."

சொன்னார்கள். கொட்டகை முழுக்கக் கைகள் எழுந்தன. என் அச்சக ஆட்கள் தூக்கினார்கள். என் மைத்துனன், என் கண்ணைப் பார்க்காமல், தூக்கினான். செல்லக்கனி எழுந்து இரண்டு கையையும் ஆட்டினார்.

"கையக் கீழ போடுங்க. என்ன சனம் நீங்க! மாப்பிள்ளைய வச்சுக்கிட்டுத் தோழனுக்குத் தாலி எடுத்துக் கொடுக்கீக? வேலை நடக்கணும்னா மேனேசர் வேணும். நான் பக்கத்துல நின்னு பல்லக் காட்டுதேன். அதுக்குத்தான் நான் லாயக்கு."

கொட்டகை சிரித்தது. சிரித்த வாயோடு என்னைத் தலைவராக்கினார்கள். கைதட்டல் எனக்கு வந்தது, சிரிப்பு அவருக்குப் போனது. தோற்றிருந்தால் அன்று வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டிருப்பேன். ஜெயித்துவிட்டேன். சோறு இறங்கவில்லை.

"ஜெயிச்சுட்டு வந்தவுக மூஞ்சியா இது?" என்றாள் செண்பகம்.

"அவரு விட்டுக்கொடுத்தது இது."

"யாரு கொடுத்தா என்ன? அண்ணாச்சி தங்கமான மனுசன்" என்று சொல்லிக்கொண்டே ரசத்தை ஊற்றினாள்.

தலைவரான முதல் வருஷம் குடிநீர்க் குழாய்க்காக நகரசபைத் தலைவரை விழாவுக்கு அழைத்தேன். எங்கள் கிணறுகளில் உப்புத் தண்ணீர். குடிக்கிற தண்ணீர் வண்டியில் வரும், அதுவும் நினைத்தபோது வரும். மனு மேல் மனு எழுதிப் பலனில்லாததால் நேரில் கேட்டுவிடுவது என்று பேச்சைத் தயார் செய்தேன். சங்கப் பாட்டில் தொடங்கி, மனித குலமும் நதிக்கரையும் என்று போய், வைப்பாற்றைத் தொட்டு, புதுமேட்டில் வந்து முடிகிற பேச்சு. செண்பகத்திடம் இரண்டு தரம் சொல்லிக் காட்டினேன்.

பேச்சு வைப்பாற்றுக்கு வந்தபோது பந்தலுக்குப் பின்னால் மாட்டுச் சலங்கை கேட்டது. தண்ணீர் வண்டி. பெண்கள் முதலில் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு முன்வரிசையில் ஒருத்தி எழுந்தாள். பின்னாலேயே பந்தலில் பாதி எழுந்து ஓடியது. குடங்கள் முட்டுகிற சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. மேடையில் உட்கார்ந்திருந்த செல்லக்கனியும் இறங்கிப் போய்விட்டார். வரிசையில் நின்ற ஒரு பிள்ளைத்தாய்ச்சியின் குடத்தை வாங்கிக்கொண்டு அவளை உட்காரச் சொன்னார். நகரசபைத் தலைவருக்கு முகம் சிவந்துவிட்டது. "என்ன இது?" என்று என்னைக் கேட்டார். வரிசையிலிருந்தே செல்லக்கனி சத்தம் போட்டார்:

"கோவிச்சுக்கிடாதீக ஐயா! உங்கள நாளைக்கு நகரசபையில வந்து பாத்துக்கிடுவோம். இந்த வண்டிய நாளைக்கு எங்க போய்ப் பாக்க?"

நகரசபைத் தலைவர் விழுந்து விழுந்து சிரித்தார். மாலையைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கிப் போய் வரிசையைப் பார்த்தார், பெண்களிடம் பேசினார். அடுத்த கோடைக்குள் குழாய் வந்துவிட்டது. அதை இன்றுவரை அண்ணாச்சி குழாய் என்றுதான் சொல்கிறார்கள்.

வண்டியை அந்த நேரத்துக்கு வரும்படி அவர்தான் சொல்லி வைத்திருந்தார் என்று எனக்குச் சந்தேகம். வண்டிக்காரரைத் தேடிப் போய்க் கேட்டேன். "இல்லீங்கய்யா, வழியில அச்சாணி கழண்டுருச்சு, அதான் லேட்டு" என்றார். திட்டமிட்டிருந்தாலாவது, கெட்டிக்காரர் என்று மனதைத் தேற்றியிருக்கலாம். கழன்ற அச்சாணிகூட அவருக்காகத்தான் கழன்றது.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது ஒன்றுதான். என் மகள் வசந்தா எங்கள் விழாப் பேச்சுப் போட்டியில் மூன்று வருஷம் தொடர்ந்து பரிசு வாங்கியவள். பள்ளிப் படிப்பு முடிந்த கோடையில், ஒரு மாலை செல்லக்கனி எங்கள் வீட்டுக்கு வந்தார். காப்பியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"மேனேசரே, புள்ள மதுரைக்குப் போய்க் காலேசுல படிக்கணும்ங்குது. நீங்க என்ன சொல்வீகளோன்னு பயப்படுது."

"எங்கிட்டயே கேட்டிருக்கலாமே."

"அதத்தான் நானும் சொன்னேன். 'ஒங்கப்பா என்ன, கடிச்சா தின்னுருவாக? போய்க் கேளு'ன்னேன். கேக்க மாட்டேன்னுட்டு. எம்புட்டுச் சொல்லியும் அசையல. அதான் வந்தேன்."

என்னிடம் கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். இதைச் சத்தியமாகச் சொல்கிறேன். அவள் நிறையப் படிக்க வேண்டும் என்று, கைக்குழந்தையாக இருந்தபோதே ஆசைப்பட்டவன் நான். "சேரட்டும்" என்றேன். கதவுக்குப் பின்னாலிருந்து வசந்தா வெளியே வந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர். என் சம்மதத்தைக் கேட்டுவிட்டு அவள் முதலில் பார்த்தது அவர் முகத்தை.

அன்று அவரைத் தெருமுனை வரை கொண்டுபோய் விட்டேன். அவர் அந்த சீசன் ஆர்டரைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டே வந்தார். எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. இந்த மனிதரிடம் என்ன இருக்கிறது என்று பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே நடந்தேன். அழகில்லை. பேச்சு நம் தெருப் பேச்சு. படிப்பு என்னைவிடக் குறைவு. எதிரில் வந்த ஒரு தாத்தாவை நிறுத்தி, "கால் வீக்கம் வத்திருச்சா?" என்று கேட்டார். அந்தத் தாத்தா என் பக்கத்து வீடு. அவருக்குக் கால் வீங்கியிருந்ததே எனக்குத் தெரியாது.

செல்லக்கனியின் உடலை விருதுநகரிலிருந்து வேனில் கொண்டுவந்தபோது சாலையின் இரண்டு பக்கமும் ஆட்கள். பட்டாசுக் கம்பெனிகள் அரைநாள் மூடின. எம். புதுப்பட்டியிலிருந்தும் நாரணாபுரத்திலிருந்தும் வேலையாட்கள் லாரிகளிலும் நடந்தும் வந்தார்கள். அலுமினியப் பொடி ஒட்டிய கைகளைக்கூடக் கழுவாமல் வந்த பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். உடங்காடு என்று கேலி செய்த பழைய ஊர் முழுக்க வந்து, நிற்க இடமில்லாமல் சந்துகளில் நின்றது. நான் அழுதேன். அழுகைக்கு நடுவில், நம் சாவுக்கு இதில் பாதியாவது வருமா என்று கணக்குப் பார்த்தேன். வராது.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து எல்லோரும் போன பிறகு, அவர் மனைவி ராசம்மாளிடம் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வெகுநாளாக எனக்குள் ஒரு கேள்வி இருந்தது. அவருக்கும் என்னைப் பார்த்து எங்கேயாவது ஒரு மூலையில் எரிந்திருக்காதா? என் படிப்பு, என் எழுத்து, நான் எடுத்துக் கட்டி நடத்திய வேலைகள்? அது இருந்தால் எனக்குப் போதும். சுற்றி வளைத்துக் கேட்டேன்.

"தங்கச்சி, அவருக்கு யாரையாவது பாத்து, 'இவன் நம்மள விட மேல'ன்னு ஒரு ஏக்கம் இருந்திருக்கா?"

ராசம்மாள் யோசித்தார். "அப்படியெல்லாம் இல்லண்ணே. அவுகளுக்கு அதுக்கு நேரம் ஏது?" என்றார். பிறகு நினைவு வந்தவர் போல, "ஆனா உங்களப் பத்தி அடிக்கடி சொல்லுவாக" என்றார்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"'மேனேசரு எப்பப் பாத்தாலும் மூஞ்சியச் சுழிச்சுக்கிட்டே இருக்காரு, பாவம், அவருக்கு வயித்துல ஏதோ கோளாறு இருக்கு'ம்பாக. உங்களுக்குக் கொடுக்கணும்னு ஒரு தடவ ஓமத்தண்ணிகூட வாங்கியாந்தாக. நீங்க வெளியூரு போயிருந்தீக. அப்புறம் மறந்துட்டாக போல."

ஊரெல்லாம் வயிற்றெரிச்சல் என்று சொல்கிற ஒன்றை அவர் உண்மையிலேயே வயிற்றெரிச்சல் என்று நினைத்துக்கொண்டு, இத்தனை வருஷமும் எனக்காகக் கவலைப்பட்டிருக்கிறார். அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. ராசம்மாளும் காரணம் தெரியாமலே சிரித்தார். பதினாறு நாளில் அந்த வீட்டில் அதுதான் முதல் சிரிப்பு என்று அவர் மருமகள் பிறகு சொன்னாள். எரிச்சல் தணியவில்லை. கொஞ்சம் கூடியது என்றுதான் சொல்ல வேண்டும். பதிலுக்குப் பதிலாகக்கூட என் மேல் பொறாமைப்படாத ஒரு மனிதரை வேறு என்ன செய்வது?

செத்தவர்கள் மேல் பொறாமை நிற்காது என்பார்கள். எனக்கு நின்றிருக்கிறது. எப்படி நிற்கிறது என்று நேற்றுத்தான் தெரிந்தது.

இந்த வருஷ விழாவுக்குப் பந்தல்கால் ஊன்ற ஆட்கள் வந்திருந்தார்கள். மேடையை எந்தப் பக்கம் பார்த்துப் போடுவது என்று கேட்டார்கள். எப்போதும் மேற்கே மேடை போடுவோம். விருந்தாளிகளுக்கு வெயில் முதுகில் விழும், கூட்டத்துக்குச் சாயங்கால வெயில் கண்ணில் குத்தும், கையை நெற்றியில் வைத்துக்கொண்டு பார்ப்பார்கள். நான் கொஞ்சம் யோசித்தேன். செல்லக்கனி இருந்தால் என்ன சொல்வார் என்று யோசிக்கவில்லை. அவர் சொல்வதைவிட நல்லதாக ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று யோசித்தேன்.

"மேடையக் கெழக்க போடுங்கப்பா" என்றேன். "ஒக்காந்து கேக்குற சனத்துக்கு முதுகுல படட்டும். மேடையில இருக்கவன் மூஞ்சியில வெயில் அடிச்சாத்தான் பேச்ச சீக்கிரம் முடிப்பான்."

ஆட்கள் கடப்பாறையைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள். பந்தல்காலைப் பிடித்துக்கொண்டிருந்தவர், "நல்லாச் சொன்னீக மேனேசரய்யா! இது இம்புட்டு வருசமா யாருக்கும் தோணலையே!" என்றார். புதுமேட்டில் நான் சொல்லி ஒரு கூட்டம் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நான் சட்டென்று திரும்பிப் பார்த்தேன். அவர் கேட்டாரா என்று.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இந்தத் திரும்பிப் பார்த்தல்தான். உங்களில் பலர் அவருடைய நல்ல வார்த்தைகளை வைத்திருப்பீர்கள், அவர் செய்த உதவிகளை வைத்திருப்பீர்கள். அவற்றை வைத்துக்கொள்ளுங்கள். இதை மட்டும் யாருக்கும் தர மாட்டேன்.